கன்று வைக்கும் முன் தலைக்கு மேலே பாருங்க



மழை விழுந்ததும் நம் குழுக்களில் மரக்கன்று கேட்டுப் பெயர் கொடுக்க ஆரம்பித்துவிடுவோம். வாங்கி வந்த கன்றை எங்கே வைக்கிறோம்? வேலி ஓரத்தில். கரண்ட் கம்பியும் பெரும்பாலும் அந்த வேலி ஓரமாகத்தான் போகிறது. முழங்கால் உயரக் கன்றுதானே என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

போன வருஷம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கீரைக்காக முருங்கைக் கிளையை இரும்புத் தொரட்டியால் இழுத்திருக்கிறார். முதல் நாள் நல்ல மழை. ஈரக்கிளை கம்பியில் பட்டதும் தூக்கி எறிந்துவிட்டது. "மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே பறிச்சேன்" என்றார். நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். மெயினை அணைத்தால் வீட்டுக்குள் மட்டும்தான் கரண்ட் நிற்கும். தெருக்கம்பியிலும், போஸ்ட்டிலிருந்து வரும் சர்வீஸ் வயரிலும் 230 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தோட்டத்து மேலே போகும் பெரிய லைன் 11,000 அல்லது 22,000 வோல்ட். அதைத் தொடவே வேண்டாம், கிட்டே போனாலே ஆபத்து.

கன்றின் உயரத்தைப் பார்க்காமல், வளர்ந்த மரத்தின் உயரத்தைப் பாருங்க. தெருக்கம்பி சுமார் 15 முதல் 20 அடி உயரத்தில்தான் இருக்கிறது. நெட்டைத் தென்னை 60 அடியைத் தாண்டும், மட்டையே 15 அடி நீளும். கம்பியிலிருந்து 25 அடியாவது தள்ளி வையுங்க. அப்படி வைத்தாலும் மரமே சாய்ந்தால் கம்பியும் போஸ்ட்டும் சேர்ந்து போகும். 2018 நவம்பர் கஜா புயலில் டெல்டா ஊர்களில் அதைப் பார்த்தோம். வேம்பு, மா, தேக்குக்கும் தள்ளித்தான் இடம். இடம் குறைவா? கம்பியை விட்டு ஒதுங்கி எலுமிச்சை, மாதுளை வைக்கலாம். நேர் கீழே மரமே வேண்டாம், கீரைப்பாத்தி போடுங்க.

முருங்கை இல்லாத வீடு ஏது! பி.கே.எம்.1 செடிமுருங்கையைத் தள்ளி வைத்து, காய்ப்பு முடிந்ததும் 3 அடி விட்டு வெட்டிவிட்டால் கையாலேயே பறிக்கலாம். தொரட்டிக்கு வேலை இல்லை.

ஏற்கெனவே கிளை உரசுகிறதா? வீட்டுக்காரரையோ பையனையோ ஏறச் சொல்லாதீங்க. இ.பி. ஆபீஸில் சொல்லுங்க, இல்லையென்றால் மின்னகம் 94987 94987-க்கு எந்நேரமும் போன் போடலாம். லைனை நிறுத்திய பிறகுதான் வெட்டணும். ஒருத்தர் சொல்லி நடக்காவிட்டால் தீர்மான நோட்டில் எழுதி, குழு மனுவாகக் கொடுங்க. அதற்குப் பலன் இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீங்க. யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டால் பதறிப்போய்க் கையால் இழுக்காதீங்க. லைனை நிறுத்தச் சொல்லுங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

இந்த முறை கன்றுக்குப் பெயர் கொடுக்கும்போது, வீட்டு மேலே கம்பி போகிறதா என்பதையும் ஊக்குநரிடம் சொல்லிவிடுங்க. அதற்கேற்ற கன்றாகப் பட்டியலில் எழுதிக்கொள்கிறோம்.