சிட்சையா, சிக்ஷாவா?

தில்லியில் பல ஆண்டுகள் பணிபுரிந்து மும்பைக்கு மாற்றலாகி வந்த சகோதரர் ஒருவரை நான் அறிவேன். இந்தி அவருக்கு நன்றாக வரும்; மராத்தி அரைகுறை. ஒருநாள் மகனை அழைத்துவரப் பள்ளிக்குச் சென்றபோது, பையனுக்கு அன்று ‘சிக்ஷா’ கொடுத்ததாக மராத்தி ஆசிரியை தெரிவித்தார். சகோதரர் அகமகிழ்ந்து, “இன்னும் நிறையக் கொடுங்கள்” என்று கைகூப்பினார். அருகில் நின்ற பையனின் கண்கள் கலங்கியதை அவர் கவனிக்கவில்லை.

இந்தியில் சிக்ஷா என்றால் கல்வி. மராத்தியிலோ அது தண்டனை. கல்விக்கு அங்கே ‘சிக்ஷண்’ என்ற சொல் உண்டு. மலையாளத்திலும் தெலுங்கிலும் சிக்ஷா தண்டனையே. 2018இல் வேறொரு திட்டத்தோடு இணைக்கப்படும்வரை ‘சர்வ சிக்ஷா அபியான்’ என்ற கல்வித் திட்டம் நடந்துவந்தது. வேதத்தமிழில் ஊறிய நம் பாட்டிமார் அப்பெயரைக் கேட்டிருந்தால், ‘எல்லாருக்கும் சிட்சையா!’ என்று திகைத்திருப்பார்கள். மூலமான வடசொல்லுக்குக் கற்றல், பயிற்சி என்பதே பொருள். பிரம்போடு பாடம் சொன்ன காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன போலும்!

அன்பானவர்களே, புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் இப்படியொரு சொல் உண்டு. பவுல் கமாலியேலின் பாதத்தருகே கற்றதைக் கூறும் அப்போஸ்தலர் 22:3இலும், பிலாத்து இயேசுவைத் தண்டித்து விடுவிப்பதாகச் சொல்லும் லூக்கா 23:16இலும் வருவது ‘பைதேயுவோ’ என்னும் ஒரே வினைச்சொல். பேசுகிறவன் யார், நிற்கும் இடம் குருவின் பாதமா நியாயஸ்தலமா என்பதே பொருளை நிர்ணயிக்கிறது. அகராதியை மட்டும் நம்பினால் பிலாத்துவும் ஆசிரியனாகிவிடுவான்.

எபிரெயர் 12ஆம் அதிகாரத்தில் ‘சிட்சை’ என்று நாம் வாசிப்பது, அதே வினையோடு உறவுடைய ‘பைதேயா’. பிள்ளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. அங்கே பேச்சு தகப்பனையும் பிள்ளையையும் பற்றியது. அடி அங்கே மறைக்கப்படவில்லை. ஆயினும் அது வளர்க்கிறவனின் கை. துன்பத்தில் இருப்பவரிடம் அவ்வதிகாரத்தை நீதிமன்றத் தீர்ப்புபோல் வாசித்துக் காட்டுவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பையன் மூன்று நாள் தகப்பனோடு பேசவில்லை. அண்டைவீட்டு மராத்தியர் ஒருவர் விளக்கிய பின்னரே சகோதரருக்கு விஷயம் புரிந்தது. மகனை அருகில் அமர்த்தி விசாரித்தார். மறுநாள் கொண்டுவர வேண்டிய நோட்டைப் பற்றி ஆசிரியை மராத்தியில் சொன்னது அவனுக்கு விளங்கவில்லையாம். அதனால் பெஞ்சின்மேல் நிற்க நேர்ந்தது. அன்றிரவு தகப்பனும் மகனும் மராத்தி வாசகப் புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து விரித்து அமர்ந்தார்கள்.