கண்காணிப்பு கேமராவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை

ஒன்றிய அரசு 2015 ஜூன் 25 அன்று தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தின் 100 நகரங்களுள் சென்னை, கோவை, மதுரை, வேலூர் உள்ளிட்ட 11 நகரங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை; பாலாற்றங்கரையிலுள்ள வாலாஜாபாத் பேரூராட்சியும், அதன் மாவட்டத் தலைநகரான காஞ்சிபுரமும் அப்பட்டியலில் இல்லை. ஆயினும், பட்டியலிலுள்ள நகரங்களில் குற்றத் தடுப்புக்கென நிறுவப்பட்ட கண்காணிப்பு கேமராக்கள் திட்டத்தின் எல்லையோடு நின்றுவிடவில்லை. பெருநகரத்தில் எல்லாக் கேமராக்களின் காட்சியையும் ஓரிடத்தில் திரட்டும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையமும் அதற்குப் பொறுப்பான அதிகாரியும் உண்டு. சிறு ஊர்களிலோ கேமராக்களில் பல கடைக்காரரும் நன்கொடையாளரும் குடியிருப்போர் சங்கமும் பொருத்தியவை என்பதால், தெருவின் காட்சி ஏதேனும் ஒரு கடைக்குள் இருக்கும் பதிவுப் பெட்டியில் சேர்ந்து, ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழையதன்மேல் புதியது எழுதப்பட்டுத் தானே அழிந்துபோகிறது. கேமராவைப் பொருத்துவதில் காட்டும் அக்கறையைக் காட்சியை யார் காக்கிறார், யார் பார்க்கிறார் என்பதில் எவரும் காட்டாததே இந்த ஏற்பாட்டின் பெருங்குறை.

கேமரா குற்றத்தைக் குறைக்குமா என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. பல நாடுகளில் 40 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, கேமரா உள்ள இடங்களில் குற்றம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்ததாகவும், வாகன நிறுத்துமிடங்களில் அப்பயன் மிகுதியாக இருந்ததாகவும், அடிதடி போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை என்றும் கண்டது. எனவே, பேருந்து நிலையத்தில் நிறுத்திய இருசக்கர வாகனத்துக்குக் கேமரா ஓரளவு காவலாகலாம்; இரவில் நடந்துவரும் பெண்ணுக்குத் தெருவிளக்கும் ரோந்தும் தரும் பாதுகாப்பை அது மட்டுமே தந்துவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

முகமறிதல் மென்பொருள் இதனினும் கவனத்துக்குரியது. ஒருவரது முகத்தின் அளவுகளை எண்களாக மாற்றி, சேமிப்பிலுள்ள படங்களோடு ஒப்பிட்டு, இன்னாராக இருக்கக்கூடும் என்று ஊகித்துச் சொல்வதே அதன் வேலை. அது தருவது சாத்தியக்கூறு மட்டுமே, உறுதியன்று. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வேறொருவராகத் தவறாகக் காட்டும் விகிதம் பல மென்பொருள்களில் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை மிகுந்திருந்ததாகக் கண்டது. 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை டெட்ராய்ட் காவல்துறை இத்தகைய பிழையால் கைது செய்தது. தமிழ்நாடு காவல்துறை 2021இல் இம்மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதத்தில் அம்மென்பொருள் இயங்கும் இணையத் தளத்துக்குள் வெளியாட்கள் ஊடுருவியது தெரியவந்தது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். கசிந்த முகத்தை மாற்ற வழியில்லை.

சட்டத்தின் நிலை என்ன? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றும், அதில் அரசு தலையிடச் சட்டத்தின் அடிப்படையும் நியாயமான நோக்கமும் நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தெலங்கானா காவல்துறையின் முகமறிதல் பயன்பாட்டை எதிர்த்துச் சமூக ஆர்வலர் எஸ். க்யூ. மசூத் அம்மாநில உயர் நீதிமன்றத்தை நாடியதும் இந்த உரிமையின் பேரில்தான். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் பெரும் விலக்குகளை அளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியானபோதிலும், முதன்மையான கடமைகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. முகமறிதலுக்கெனத் தனிச்சட்டம் இன்னும் இயற்றப்படாதது குடிமக்களைப் பாதுகாப்பற்றவர்களாக விட்டுவைக்கும் கவலைக்குரிய இடைவெளி.

கேமரா குடிமகனுக்குச் சாட்சியாக நிற்க வேண்டிய இடம் காவல் நிலையம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்த சித்திரவதைக்குப் பின் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் உயிரிழந்தபோது, அந்நிலையத்துக் கேமராவின் சேமிப்பில் போதிய இடமிருந்தும், பதிவு நாள்தோறும் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும், பதிவை 18 மாதங்கள், அதற்கான கருவி கிடைக்காவிடில் குறைந்தது ஓராண்டு, பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. காவலில் தாக்கப்பட்டவர் மாநில மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டு அப்பதிவை வரவழைக்கச் செய்யலாம். நிகழ்வு நடந்து ஓராண்டுக்குள் முறையிடுவது இன்றியமையாதது.

தெருவில் நகை பறிபோனவருக்கோ காலமே முதல் எதிரி. தனியார் கேமராக்களின் பதிவு சில வாரங்களிலும், சிறிய சேமிப்பாயின் சில நாள்களிலும் அழிந்துவிடும் என்பதால், புகார் மனுவிலேயே எந்தக் கடை, எந்த நாள், எந்த நேரம் என்று குறித்து, அப்பதிவை உடனே கைப்பற்றுமாறு எழுதி, மனு பெற்றதற்கான சான்றையும் முதல் தகவல் அறிக்கையின் இலவச நகலையும் கேட்டுப் பெற வேண்டும். புகாரைப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், பின்னர் நீதித்துறை நடுவருக்கும் செல்லலாம். கைப்பேசியில் நகலெடுத்த காட்சி மட்டும் நீதிமன்றத்தில் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, கோப்பின் கைரேகை போன்ற ‘ஹாஷ்’ எண்ணைக் குறித்த சான்றிதழைக் கோருகிறது. கேமரா பிறர் வீட்டுக் குளியலறையையோ உடைமாற்றும் அறையையோ படம்பிடிக்குமானால் அது குற்றமாகலாம்: அந்தரங்க உறுப்புகளின் படத்தை ஒப்புதலின்றி எடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு 3 ஆண்டுகள் வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.

பொதுக் காரியங்களுக்குக் கணக்குக் கேட்பது வாலாஜாபாத் வட்டாரத்துக்குப் புதிதன்று. அருகிலுள்ள உத்திரமேரூரின் பராந்தக சோழர் காலக் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுபெறத் தகுதியற்றவர் என்று விதித்தன. வாலாஜாபாத் ஒன்றியத்து ஊராட்சிகளில் ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில் பொதுக் கேமராக்களுக்குக் கணக்குக் கேட்டுத் தீர்மானம் இயற்றலாம். பேரூராட்சிக்குள் அதே கேள்வியை வார்டு உறுப்பினர் வழியே மன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம். எத்தனை கேமராக்கள் இயங்குகின்றன, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், பதிவு எத்தனை நாள் இருக்கும், பார்த்தவர் பெயர் பதிவேட்டில் ஏறுகிறதா என்பவற்றை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். 30 நாள்களில் விடை வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதுவும் பயனளிக்காவிடில் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.