உஷார்! ஜப்பான் சவரக்கத்தியைச் சாணைச் சக்கரத்தில் வைத்துவிடாதீர்கள்

தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய சாமான் கடையிலோ ஒரு சவரக்கத்தி கையில் கிடைத்திருக்கிறதா? மடக்குகிற உறை இல்லாமல், பிடியும் அலகும் ஒரே இரும்பாக நீண்டு, பிடியில் பிரம்பு சுற்றியிருக்கிறதா? அது ஜப்பானியர்களின் ‘கமிசோரி’யாக இருக்கலாம். துருப்பிடித்து மழுங்கிக் கிடந்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் அவசரப்பட்டுச் சாணைக்காரரிடம் நீட்டினால் கதை அன்றே முடிந்தது.

எங்கள் மாமா வீட்டில் அப்படித்தான் ஆனது. செங்கல்பட்டில் தெருவோடு வந்த சாணைக்காரரிடம் அரிவாள்மனையோடு சேர்த்து மாமாவிடம் இருந்த கமிசோரியையும் கொடுத்தோம். பொறி பறந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வாய்ப்பக்கம் முழுக்க மயில்கழுத்து நீலம் பாய்ந்துவிட்டது. பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்தோம். மறுநாள் கன்னத்தில் வைத்தால் முடியை வெட்டாமல் பிடித்து இழுத்தது. அந்த மனிதர் மேல் பிழையில்லை. அவர் தொழில் அரிவாள்மனைக்கானது. தெரியாமல் கொடுத்த எங்கள் மேல்தான் பிழை.

அந்த நீலம் அழகு அல்ல, அபாயம்

சவரக்கத்தியின் எஃகை உலையில் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள். பிறகு இளஞ்சூட்டில் சற்றே பதப்படுத்துகிறார்கள். அதற்கு மேல் சூடு ஏறினால் கடினம் இறங்கத் தொடங்கும். எஃகில் வைக்கோல் நிறம் தெரிந்தால் சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. நீலம் தெரிந்தால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது. தீட்டிய வாயின் நுனி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. சுழலும் சக்கரத்தின் சூடு அதற்குள் பாய நொடி போதும். அப்படி மென்மையான வாயை எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது.

இன்னொரு கேடும் உண்டு. கமிசோரி மென்மையான இரும்பையும் கடினமான எஃகையும் உலையில் ஒட்டவைத்துச் செய்தது. அதன் இரு பக்கங்களும் ஒன்றுபோல இருக்காது. சக்கரம் அந்த வேறுபாட்டையே தேய்த்து அழித்துவிடும்.

மாமல்லபுரம் பக்கம் இருப்பவர்கள் இன்னும் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். கருங்கல்லில் மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து மறுபடி கூராக்குவது சிற்பப் பட்டறைகளில் காலங்காலமாக நடக்கும் வேலை. “உளிக்குச் செய்கிறவர் இதற்குச் செய்யமாட்டாரா?” என்று தோன்றும். கொடுக்காதீர்கள்! உளி தடிமன், நெருப்பு அதற்கு மருந்து. மெல்லிய சவரக்கத்தி அதே நெருப்பில் கோணும், விரிசல் விடும்.

உப்புக்காற்று விடாது

கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடலோர வீடுகளில் இருப்பவர்களே, கமிசோரி துருப்பிடிக்காத எஃகு அல்ல. காற்றில் வரும் உப்பு, எஃகில் ஊசி குத்தியதுபோல் குழி பறிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் இது இன்னும் வேகமாகும். வாயிலேயே குழி விழுந்தால் தீட்டத் தீட்ட நுனி உதிரும். உதிர்ந்த இடம் தோலைக் கிழிக்கும். கத்தியைத் தோலால் செய்த உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். அந்த உறை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ரத்தம்: இதை இலேசாக எடுக்காதீர்கள்

யார் முகத்தில் பட்டதென்று தெரியாத கத்தியை அப்படியே முகத்தில் வைக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடிருக்கும். சோப்பில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, 70 சதவீத ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிளீச்சிங் கரைசல் வேண்டாம், எஃகை அரித்துவிடும். சுத்தம் செய்த பிறகும் ஒரு கத்தி ஒருவருக்கு மட்டுமே. அண்ணன் தம்பியானாலும் மாற்றிக்கொள்ளக் கூடாது. திருப்போரூரில் மொட்டை போட உட்கார்ந்தாலும், சலூனில் உட்கார்ந்தாலும், பிளேடைக் கண்முன்னே புதிதாக மாற்றச் சொல்லுங்கள்.

சரியான வழி

முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வாயைப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் அந்தக் கத்தி அலமாரிக்குத்தான், முகத்துக்கு இல்லை.

சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் தொட்ட நைஸ் உப்புத்தாளால் மெதுவாக எடுங்கள். கருத்துப் படிந்திருப்பதைச் சுரண்ட வேண்டாம். அதனால் கேடில்லை.

பிறகு தண்ணீர்க்கல், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல். முதலில் கல் சமமா என்று பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாள் விரித்துக் கல்லைத் தேய்த்தால் மேடு பள்ளம் போகும். 1000 நம்பர் கல்லில் தொடங்கி, 4000, 8000, முடிந்தால் 12000 என்று ஏறுங்கள். கத்தியின் முதுகும் வாயும் இரண்டுமே கல்லைத் தொட வேண்டும். முதுகைத் தூக்கினால் கோணம் கெட்டுவிடும். வாய் முன்னே போகட்டும். அழுத்தம் கத்தியின் எடை அளவே போதும். வாய் முழுக்கச் சீராகும்வரை 1000 கல்லை விட்டு நகராதீர்கள். அவசரத்தில் பலரும் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கடைசியில் தோல்வாரில் தீட்டுங்கள். அதில் திசை தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. மறந்தால் வாரும் போகும், கூரும் போகும். கூரைச் சோதிக்க விரலால் வாயைத் தடவாதீர்கள். முன்கையில் ஒரு முடியைத் தொட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் நன்றாகத் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இதெல்லாம் இன்று முடியவில்லையா? பரவாயில்லை. எண்ணெய் தடவி வைத்தால் அந்தக் கத்தி பல வருடம் காத்திருக்கும். தெருவில் “சாணை பிடிக்கறதேய்...” என்று குரல் கேட்டால், அரிவாள்மனையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்.