ஐநூறாவது யூனிட்டில் ஒரு தாவல்

பிளஸ் ஒன் கணக்கில் எல்லைகளும் தொடர்ச்சித் தன்மையும் தொடங்கும் வாரத்தில், டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் மீட்டர் பக்கத்தில் செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டையைக் கொண்டுவரச் சொல்வேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு இது பழகிப்போன சங்கதி. புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் ஆச்சி மட்டும், "கணக்கு டீச்சருக்கு நம்ம கரண்டு பில்லு எதுக்குலே?" என்று கேட்டனுப்பினார். நியாயமான கேள்விதான்.

சார்பு என்பதற்கு அந்த அட்டையை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு எண் உள்ளே போனால் ஒரே ஒரு எண் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ரெண்டு மாசத்தில் ஓடிய யூனிட் உள்ளே போகிறது, கட்ட வேண்டிய ரூபாய் வெளியே வருகிறது. ஒரே யூனிட்டுக்கு ரெண்டு தொகை வந்தால் அது சார்பு இல்லை, சண்டை. ஆனால் வேறு வேறு யூனிட்டுக்கு ஒரே தொகை வரலாம். 40 யூனிட் ஓடிய வீட்டுக்கும் 90 யூனிட் ஓடிய வீட்டுக்கும் பில் பூஜ்யம்தானே?

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த வீட்டு மின்கட்டணத்தை வைத்துத்தான் இன்றும் பாடம் நடத்துகிறேன். பிறகு விலை கூடியது உண்மை. ஆனால் அந்த எண்கள் கரும்பலகைக்கு வசதியானவை. முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500 யூனிட் ஓடினால் 225, 900, 600 சேர்த்து 1725 ரூபாய்.

இதை வரைபடத்தாளில் போடச் சொல்வேன். கிடைக்கோட்டில் யூனிட், நிலைக்கோட்டில் ரூபாய். நூறு வரை கோடு தரையிலேயே படுத்திருக்கும். நூறில் லேசாகத் தலைதூக்கும், இருநூறில் இன்னும் கொஞ்சம் நிமிரும், நானூறில் இன்னும் செங்குத்தாகும். அந்தச் சாய்வுதான் அடுத்த யூனிட்டின் விலை. வகைக்கெழு என்று பின்னால் வரப்போகும் பூதம் இதுதான் என்று அப்போதே காதில் போட்டுவைப்பேன். 100, 200, 400 ஆகிய இடங்களில் கோடு முறிகிறது, ஆனால் அறுபடவில்லை. பென்சிலைத் தூக்காமல் வரைந்துவிடலாம். முறிகிற புள்ளியில் மட்டும் சாய்வு எவ்வளவு என்று சொல்ல முடியாது: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று.

ஐநூறில்தான் வேடிக்கை. ஐநூறைத் தாண்டிய வீட்டுக்குக் கணக்கே வேறு. 101 முதல் 400 வரை எல்லாமே 4 ரூபாய் 50 காசு. அப்புறம் 500 வரை 6 ரூபாய், 501-லிருந்து 8 ரூபாய். ஆக 501 யூனிட்டுக்கு 1350, 600, 8 சேர்த்து 1958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்!

"மிஸ், அதெப்படி?" என்று வகுப்பே கேட்கும். எட்டு ரூபாய் அந்த யூனிட்டுக்கு உரியது. மீதி 225, இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த பாதி விலைச் சலுகை பறிபோனதால் வந்தது. எல்லையின் மொழியில் சொன்னால், இடப்பக்கமிருந்து 500-ஐ நெருங்கினால் பில் 1725-ஐ நெருங்குகிறது. வலப்பக்கமிருந்து நெருங்கினால் 1950-ஐ நெருங்குகிறது. ரெண்டும் ஒன்றாக இல்லாததால் அந்தப் புள்ளியில் எல்லையே இல்லை. ஆனால் பில் இருக்கிறது: சரியாக 500 ஓடியவர் 1725 கட்டுவார். சார்பின் மதிப்பு ஒரு கேள்வி, எல்லை வேறொரு கேள்வி. இந்த ஒரு இடத்தைப் புரியவைக்கத்தான் அட்டை, தாள், ஆச்சியின் சந்தேகம் எல்லாமே. (பில் போடுவது முழு யூனிட்டுக்குத்தானே, 500.3 எங்கிருந்து வரும் என்று மடக்குகிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்று வாய்க்கும். சரிதான்; புள்ளிகளை இணைத்துக் கோடாக்கியது நாம்தான்.)

2022-க்கு முந்தைய கட்டணத்தில் இந்தத் தாவல் இன்னும் பயங்கரம். நிலைக்கட்டணமும் சேர்த்து 500 யூனிட்டுக்கு 1130 ரூபாய், 501-க்கு 1786 ரூபாய் 60 காசு. ரீடிங் எடுக்க ஆள் வருகிற வாரத்தில் ஏசியை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் படுத்தவர்கள் யாரும் நுண்கணிதம் படித்தவர்கள் இல்லை. வரைபடம் எங்கே அறுபடுகிறது என்பது மட்டும் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இப்படித் துண்டு துண்டாக விதி சொல்வதெல்லாம் ஒரு சார்பா என்று கேட்டால், ஆய்லர் 1748-இல் எழுதிய நூலின்படி சந்தேகம்தான். மாறியையும் மாறிலிகளையும் கொண்டு அமைத்த ஒரு கோவையையே அவர் அதில் சார்பு என்றார். விதி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் திட்டமாக ஒரு எண் கிடைத்தால் போதும் என்ற விரிந்த பார்வை 1837-இல் டிரிஷ்லே எழுதியதோடு வலுப்பட்டது. மின்கட்டண அட்டவணைக்கு இடம் கொடுத்தது அந்தப் பார்வைதான்.

தாவலை ஒட்டுப்போட முடியாதா? முடியும். வருமான வரியில் செய்திருக்கிறார்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில், வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். தள்ளுபடி இல்லாவிட்டால் 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வந்திருக்கும். அப்படியே விட்டால் ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தவர் தலையில் 60,000 விழும். அதனால் 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலோ அதற்கு மேல் வரி போகாது என்று ஒரு விதி வைத்தார்கள். 12,10,000 சம்பாதித்தால் வரி, செஸ் நீங்கலாக, 10,000 மட்டுமே. செங்குத்துச் சுவர் இருந்த இடத்தில் ஒரு சாய்தளம். அது சுமார் 12,70,588 ரூபாயில் வழக்கமான கோட்டோடு சேர்ந்துகொள்கிறது. சுகமான சாய்தளம் இல்லை, அந்தத் தூரம் முழுக்கக் கூடுதல் வருமானம் மொத்தமும் வரிக்கே போகிறது. ஆனாலும் கோடு அறுபடவில்லை. ஐநூறாவது யூனிட்டிலும் இதே மாதிரி ஒரு சாய்தளம் கட்டலாம் என்பது என் கட்சி.

கடைசியாக, பில்லை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலை. பூட்டிக்கிடக்கும் வீட்டில் பூஜ்ய யூனிட், பூஜ்ய ரூபாய். 0-வை 0-வால் வகுக்க முடியாது. ஆனால் ஒரு யூனிட்டோ பத்து யூனிட்டோ ஓடிய வீட்டில் சராசரி பூஜ்யம்தான். அந்தப் புள்ளியில் மதிப்பு இல்லை, எல்லை இருக்கிறது. ஐநூறில் பார்த்ததற்கு நேர் தலைகீழ்.

மறுகோடியில், எட்டு ரூபாயிலிருந்து படிப்படியாக ஏறி, 1000 யூனிட்டுக்கு மேல் விலை 11 ரூபாய். கூட்டிச் சுருக்கினால் பில், யூனிட்டின் 11 மடங்கில் 4450 குறைவு. சராசரி விலை 11-இலிருந்து, 4450-ஐ யூனிட்டால் வகுத்த அளவு குறைவு. 2000 யூனிட்டுக்கு 8 ரூபாய் 77 காசு சொச்சம். எவ்வளவு ஓடினாலும் 11-ஐத் தொடாது. "அப்போ தொடாததை எல்லைன்னு எப்படி மிஸ் சொல்றது?" என்பார்கள். உனக்கு எவ்வளவு நெருக்கம் வேண்டும், சொல் என்பேன். பத்து காசு என்றால், 44,500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் போதும், அதன் பிறகு எங்கேயும் இடைவெளி பத்து காசை எட்டாது. ஒரு காசு என்றால் 4,45,000 யூனிட். கால் காசு கேட்கிறவனிடம் சாக்பீஸைக் கொடுத்து, நீயே கண்டுபிடி என்று விட்டுவிடுவேன்.