விலாசம் போனாலும் இலக்கம் இருக்கட்டும்

மண்சரிவுக்குத் தப்பி, வத்தேகமப் பக்கம் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்த ஒரு தாயாரைச் சந்தித்தேன். புதிய இடத்தில் பழைய சிம்முக்குச் சிக்னல் இல்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கம்பனியின் சிம்மை வாங்கியிருந்தார். நட்டஈட்டு விண்ணப்பத்திலோ பழைய இலக்கம்தான் இருந்தது. சவூதியில் வேலை செய்யும் மகளும் அதே இலக்கத்தையே மூன்று வாரமாக அழைத்துக்கொண்டிருந்தாள்.

வீடும் தெருவும் இல்லாமற் போனவர்களுக்குத் தொலைபேசி இலக்கமே விலாசம். ஆனால் 077 என்றால் டயலொக், 071 என்றால் மொபிட்டல் என்று அதைக் கம்பனியோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டோம். 072ஐப் பாருங்கள். செல்டெல் கொடுத்த இலக்கம் அது. 2007இல் டிகோ, 2010இல் எட்டிசலாட், 2018இல் ஹட்ச் என்று பெயர்ப்பலகைதான் மாறியது. கம்பனி கைமாறியும் இலக்கம் நிலைத்ததென்றால், நாம் கம்பனி மாறும்போது மட்டும் அது ஏன் போகவேண்டும்?

இந்தியாவில் 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் இது நடக்கிறது. 1900க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் குறியீடு ஒன்று வரும். அதை விரும்பிய கம்பனியிடம் கொடுத்து, பழைய இலக்கத்தோடே மாறிக்கொள்ளலாம். முதலில் தங்கள் வட்டாரத்துக்குள் மட்டும். 2015 ஜூலை முதல் மாநிலம் விட்டு மாநிலமும். நம் நாட்டிலோ இதற்கான பேச்சே வருடக்கணக்கில் இழுபட்டது.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பழைய சிம்முக்குச் சிக்னல் உள்ள இடத்துக்கு ஒரு தடவை வாருங்கள். நட்சத்திரக் குறி இரண்டு, 21, மீண்டும் ஒரு நட்சத்திரக் குறி, புதிய இலக்கம், கடைசியில் # என அழுத்தி அழையுங்கள். பழைய சிம் பெட்டிக்குள் கிடந்தாலும் அதற்கு வரும் அழைப்புகள் புதியதற்குத் திரும்பும். உங்கள் இணைப்புக்கு இவ்வசதி உண்டா என்று கம்பனியிடம் முதலில் கேளுங்கள். திரும்பும் அழைப்புக்குப் பழைய சிம்மில்தான் காசு கழியும். ரீலோட் செய்யாமல் நெடுநாள் விட்டால் இலக்கமே வேறொருவர் கைக்குப் போய்விடலாம். முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் சொல்லும் இலக்கத்தை மட்டும் இப்படி அழுத்திவிடாதீர்கள். அது திருடர் வேலை.

குறுஞ்செய்தி திரும்பாது. வங்கி அனுப்பும் இரகசிய எண் பழைய சிம்முக்கே வரும். இரண்டு சிம் போடும் போன் இருந்தால் பழையதையும் உள்ளேயே வைத்திருங்கள்.

இன்னொன்று, சிம் யார் பெயரில்? கடைக்காரர் பெயரிலும் தரகர் பெயரிலும் எடுத்த சிம்களை நம் குடும்பங்களில் நிறையப் பார்க்கிறேன். தொலைந்தால், பதிவில் உள்ளவருக்குத்தான் மறு அட்டை கொடுப்பார்கள். நல்லவேளை, அந்தத் தாயாரின் சிம் அவர் பெயரிலேயே இருந்தது. அடையாள அட்டையோடு கண்டிக்குப் போனோம். அதே இலக்கத்தில் புது அட்டை கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே மகள் அழைத்துவிட்டாள்.