விட்டுக்கொடாமையும் காவிரி நீரும்

அரசியலில் விட்டுக்கொடாமை உயர்ந்த குணமாகவே போற்றப்பட்டு வருகிறது. கொள்கைகளுக்கு அது பொருந்தலாம். ஆற்று நீருக்கும் பொருந்துமா என்பதைக் காவிரியைக் கொண்டு ஆராய்வோம்.

பெங்களூர் மக்கள் அருந்தும் நீரின் பெரும்பகுதி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டிற்கு ஏற்றிக் கொணரப்படும் காவிரி நீரே. தஞ்சை உழவர் குறுவைக்கு நாற்று விடுவதும் அதனை நம்பித்தான். மைசூரும் சென்னையும் 1924-இல் செய்துகொண்ட உடன்பாட்டில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மறுஆய்வுக்குரிய விதிகள் சில இருந்தன. 1974 வந்தது, இசைவு வரவில்லை. 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், மறு ஆண்டே தமிழ்நாட்டிற்கு 205 டி.எம்.சி. நீர் விட இடைக்கால ஆணையிட்டது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூர்த் தமிழர் தாக்குதலுக்கு உள்ளாயினர்.

நல்ல மழையாண்டில் இவ்வழக்கு தலைதூக்குவதில்லை. அணை நிரம்பி வழியும் நீரைத் தடுப்பார் எவர்? பிணக்கு முழுவதும் பற்றாக்குறையைப் பற்றியதே. அத்தகைய ஆண்டில் எல்லோர் பங்கும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும் என 2007-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. குறைவை எவ்வாறு அளப்பது என்பதில்தான் சிக்கல். பொறியாளர்கள் கூடி அமர்ந்தால் ஒரு கணக்கிற்கு வரக்கூடும் என்றே நாம் எண்ணுகிறோம். அக்கணக்கை மேடையில் சொல்லத்தான் ஆளில்லை. ஒரு டி.எம்.சி. குறைத்துக்கொள்வோம் என்றாலும் துரோகிப் பட்டம் காத்திருக்கிறது. ஆகவே இரு தரப்பினரும் வழக்கு மன்றத்தை நாடுகின்றனர். நீதிபதி ஆணையிட்டபின் மதகைத் திறக்கும் அமைச்சர், தாம் இசையவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? இதற்குள் வாரங்கள் கழிந்துவிடுகின்றன, நாற்று காத்திராது.

உச்ச நீதிமன்றம் 2018-இல் கருநாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தி, அதில் 4.75-ஐப் பெங்களூர் குடிநீருக்கென ஒதுக்கியது. அவ்வாண்டே மேலாண்மை ஆணையமும் அமைந்தது. எனினும் 2023-இல் மழை பொய்த்தபோது, செப்டம்பரில் பெங்களூரில் மீண்டும் கடையடைப்பு நிகழ்ந்தது.

இதே நகரில் வேறொரு பிணக்கு தீர்ந்த விதமும் நோக்கத்தக்கது. அல்சூர் ஏரியருகே 1991-இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பினால் பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது. சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞருக்குச் சிலை வைக்க இசைவு பிறந்தபின், 2009 ஆகஸ்டில் நான்கு நாள் இடைவெளியில் இரண்டும் திறக்கப்பட்டன. இரு முதல்வர்களும் இரு விழாக்களிலும் மேடையேறினர்.