அம்புகளின் அறிவியல்

1980ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதல் செய்து பார்க்கப்பட்டது. உலக வங்கியின் கடன் பெற்ற திட்டம் அது. 6 முதல் 36 திங்கள் அகவையுள்ள குழந்தைகள் திங்கள்தோறும் எடைபோடப்பட்டனர். எடை ஏறாது தளர்ந்த குழந்தைக்கு மட்டும் 90 நாள் துணையுணவு, தேறியதும் நிறுத்தம். ஊர்ப் பெண்ணொருவரே பணியாளராகித் தாய்மாருக்கு உணவூட்டும் முறையைக் கற்பித்தார். கடும் ஊட்டக்குறை குறைந்தது.

இத்தகைய திட்டத்தை மதிப்பீட்டாளர் ஏரணப் படிவமாக வரைந்து காட்டுவர். பணமும் ஆளும் எடைத்தராசும் உள்ளீடு. எடையிடலும் கற்பித்தலும் செயல். வழங்கிய உணவும் நடந்த வகுப்பும் வெளியீடு. குழந்தையின் உடல் தேறுவது விளைவு. தலைமுறையின் நலம் தாக்கம். இதன் முன்னோடியான ஏரணச் சட்டகம் 1969இல் அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவித் திட்டங்களுக்கென வகுக்கப்பட்டது. 1998இல் கெல்லாக் அறக்கட்டளையின் கையேடு தொண்டு நிறுவனங்களுக்குப் படிவத்தை எளிதாக்கிற்று. கட்டங்களை எவரும் நிரப்பலாம். கட்டத்தையும் கட்டத்தையும் இணைக்கும் அம்புகளில்தான் அறிவியல் இருக்கிறது. ஒவ்வோர் அம்பும் ஒரு கருதுகோள்.

தமிழ்நாட்டு முறையைத் தழுவி 1995இல் வங்காளதேசத்தில் ஒரு திட்டம் எழுந்தது. உணவு வழங்கப்பட்டது, வகுப்பும் நடந்தது, பயனோ சிறிதே. ஓவர்ட் ஒயிட் என்னும் பொருளியலறிஞர் அம்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அறிவுரை தாய்மாருக்கே கூறப்பட்டது. அங்கோ சந்தைக்குச் செல்வோர் ஆடவர், கூட்டுக்குடும்ப அடுக்களையில் மாமியார் சொல்லே செல்லும். (நம் வீடுகளிலும் மாமியார் உண்டு, ஆயினும் சந்தைப் பை பெரும்பாலும் பெண்ணின் கையில்.) மையத்தில் உண்ட குழந்தைக்கு வீட்டில் சோறு குறைந்ததும் உண்டு. இங்கே எழுதப்படாமலே மெய்யாயிருந்த கருதுகோள் அங்கே பொய்த்தது.

திருவள்ளூர் மாவட்டம் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறித்த அளவை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர ஈட்டத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முதன்மை தரவும் சொல்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் அத்தகைய வட்டாரமே. தாக்க மதிப்பீட்டுக் கட்டாயமோ 2021 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி உரூபாயேனும் செலவிடக் கடமைப்பட்ட பெருநிறுவனங்களுக்கு மட்டுமே. ஏனையோர் பயனாளர் தலைகளை எண்ணிக் காட்டி அமைதியடையலாம். அது வெளியீட்டுக் கணக்கேயன்றி விளைவுக் கணக்கன்று.

மாவட்டத்துச் செங்கற்சூளைகளை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவிலிருந்து முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு வருவோர், பருவம் முழுதும் சூளையருகே தங்கி, மழைக்கு முன் ஊர் திரும்புகின்றனர். கூலி, அறுத்த கல்லின் எண்ணிக்கைக்கு. அங்கே குழந்தைகள் மையம் திறப்போர், தாய் தன் கூலியை இழந்து அறிவுரை கேட்க வருவாள் என்று நம்புகின்றனரா? பணியாளர் ஒடியா அறிவாரா? மையத்து உணவு வீட்டுணவைக் குறைக்காதா? குடும்பம் ஊர் திரும்பியபின் எடைக் கணக்கைத் தொடர்வது யார்? முதற்கேள்வியே பல திட்டங்களை வீழ்த்தும் என்பது என் கணிப்பு.

நிதி தரும் ஆலைகள் பயனாளர் எண்ணிக்கைக்கு முன் இக்கருதுகோள்களை எழுதி வாங்கட்டும். எது பொய்த்தது என்பதைப் பருவம் முடியுமுன் கேட்கட்டும். பொய்த்ததை மறைக்காது எழுதிய தொண்டு நிறுவனத்துக்கு மறு ஆண்டும் பணம் தரட்டும்.